ஒரு பகலில் இரு மலைகள்



விடுமுறை நெருங்கும் காலத்தில் இப்பக்கத்துக்கு வரும் மடல்களில் ஒரு கேள்வி தவறாது இடம்பெறுகிறது. “குடும்பத்தோடு காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய ஓர் இடம் சொல்லுங்கள், ஊட்டி, கொடைக்கானல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்” என்பதே அது. விடுதிச் செலவு தாங்காது என்று வெளிப்படையாகவே எழுதும் தாய்மார்களும் உண்டு. அவர்களை முன்னிட்டு இம்மாதம் எங்கள் கள்ளக்குறிச்சிப் பகுதியின் இரண்டு மலைகளைப் பற்றி எழுத முற்படுகிறேன். ஆயினும், எங்கே போவது என்பதைக் காட்டிலும் எவரை உடன் அழைத்துப் போவது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆகவே முதலில் சற்றுத் தொலைவான ஒரு நாட்டுக்கு உங்களை அழைத்துச் சென்று திரும்புகிறேன், பொறுத்தருள்க.

ஒருநாள் மலைப்பயணத்தை ஒரு தொழிலாகவே வளர்த்து வைத்திருப்பவர்கள் இத்தாலியர். புளோரன்ஸ் நகரிலிருந்து காலையில் பேருந்து புறப்படும். குன்றின் மேல் மதில் சூழ அமைந்த இடைக்கால ஊர்கள் மூன்று அல்லது நான்கைக் காட்டிவிட்டு இரவு உணவுக்குள் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். சியன்னா நகரில் சிப்பி வடிவில் சரிந்து கிடக்கும் பெரிய சதுக்கத்தைக் காட்டுவார்கள். ஆண்டுதோறும் ஜூலை 2ஆம் நாளும் ஆகஸ்டு 16ஆம் நாளும் அங்கே குதிரைப் பந்தயம் நடைபெறுகிறது. மோன்டெரிஜ்ஜியோனி என்னும் சிற்றூர், கிரீடம் வைத்தாற்போல் வட்ட மதிலோடு நிற்கிறது. சான் ஜிமிஞானோவில் செல்வக் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று போட்டியிட்டு எழுப்பிய கோபுரங்கள் ஒரு காலத்தில் எழுபத்திரண்டு இருந்தனவாம். இன்று எஞ்சியவை பதினான்கு. குங்குமப்பூ வாணிகத்தால் செழித்த அவ்வூர், 1348ஆம் ஆண்டின் கொள்ளைநோயால் நிலைகுலைந்தது. பிறகு பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் அளவுக்கு அங்கே பணம் புழங்கவில்லை. வறுமைதான் அந்த ஊரைக் காப்பாற்றி வைத்தது என்று சொன்னால் மிகையன்று.

அங்கே வழிகாட்டியாக நிற்பதற்குத் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். 2023இல் நாடு முழுமைக்குமாக ஒரே சட்டமே இயற்றிவிட்டார்கள். பாராட்டுக்குரிய ஏற்பாடுதான். இருப்பினும் அந்தப் பேருந்துகள் செல்லாத ஒரு குன்று நகரும் இத்தாலியில் இருக்கிறது. தெற்கே அபூலியா சமவெளியைப் பார்த்தவாறு நிற்கும் லூச்செரா அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரடெரிக், சிசிலித் தீவில் தமக்கு அடங்காதிருந்த முஸ்லிம்களைக் குடும்பம் குடும்பமாகப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே குடியமர்த்தினார். உழவரும் கைவினைஞரும் வில்வீரருமாக அவர்கள் முக்கால் நூற்றாண்டு காலம் அங்கே வாழ்ந்தனர். அவருடைய படையில் பணிபுரிந்தனர். பாங்கோசை அந்தக் குன்றின்மேல் ஒலித்தது. 1300ஆம் ஆண்டு அஞ்சூ வம்சத்து மன்னர் இரண்டாம் சார்லஸின் ஆணைப்படி அந்த ஊர் அழிக்கப்பட்டது. மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். கோட்டை மதில் இன்றும் நிற்கிறது. அந்த மதிலுக்கு அருகே நிற்கும் வழிகாட்டி அதன் உயரத்தையும் நீளத்தையும் மட்டும் சொல்லிவிட்டு நகர்வாரானால், வந்தவர்கள் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள், எங்கே போனார்கள் என்பதையும் சொல்வாரானால் அவர்கள் பார்த்தது லூச்செரா.

இதை நினைவில் வைத்துக்கொண்டு நம் மலைக்கு வாருங்கள்.

சென்ற ஆண்டு எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த நான்கு குடும்பங்களும், மத்ரஸாவில் ஓதி முடித்த இளைஞர் சிலருமாக ஒரு வேன் பிடித்துச் சென்றோம். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பாடு. முதலில் கிழக்கே சென்னைச் சாலையில் உள்ள தியாகதுருகம். வெயில் ஏறுமுன் ஏறி இறங்கிவிட வேண்டிய பாறைக்குன்று அது. கால் வலியுள்ள பெரியவர்கள் அடிவாரத்திலேயே அமர்ந்து கொண்டார்கள், மற்றவர்கள் ஏறினோம். அங்கே வழிகாட்டி எவரும் தேவைப்படவில்லை. கல்லூரியில் நான் படித்த வரலாற்றுப் பட்டம் அன்றைக்குத்தான் குடும்பத்தாருக்குப் பயன்பட்டது.

ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கர்நாடகத்துக்காக மோதிக்கொண்ட காலத்தில் இந்தக் குன்று பெரும் விலைபெற்றிருந்தது. 1760இல் புதுச்சேரி நெருக்கடிக்குள்ளானபோது, பிரெஞ்சுத் தளபதி லாலி, ஹைதர் அலியின் துணைப்படையைப் பெறுவதற்கு ஈடாக இக்கோட்டையை மைசூருக்கு விட்டுக்கொடுத்தார். ஹைதர் அலி போரிட்டு வென்றதன்று இது, உடன்படிக்கையால் பெற்றது. அடுத்த ஆண்டே ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1790ஆம் ஆண்டின் இறுதியில் திப்பு சுல்தான் இதை முற்றுகையிட்டார், பிளின்ட் என்னும் ஆங்கிலக் கேப்டன் உள்ளிருந்து காத்தார், கோட்டை விழவில்லை. சிறுவர்களுக்குத் திப்பு தோற்ற கதை பிடிக்கவில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. “வேறு எந்தக் கோட்டையை அவர் பிடித்தார்?” என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்கள்.

பிறகு வேனைத் திருப்பி, கள்ளக்குறிச்சி வழியாக மேற்கே கச்சிராயபாளையம். இருபுறமும் கரும்புத் தோட்டம். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைத் தாண்டினால் கோமுகி அணை. 1965இல் கட்டப்பட்டது. அணைக்குப் பின்னால் நீலமாகப் படுத்துக்கிடப்பதுதான் கல்வராயன் மலை. சாலை வளைந்து வளைந்து மேலேறி, இரண்டாயிரம் அடிக்கு மேற்பட்ட மேட்டுநிலத்தில் வெள்ளிமலையைச் சென்றடைகிறது.

கள்ளக்குறிச்சியிலிருக்கும் நமக்கு இந்த மலையைப் பற்றி என்ன தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். மேகம் அருவி, பெரியார் அருவி, கரியாலூர் படகுத்துறை ஆகியவை தெரியும். அதற்கு அடுத்தபடியாகச் சாராயம் தெரியும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, நாடெங்கும் இந்த மலையின் பெயரும் சேர்த்தே பேசப்பட்டது. அவர்களைக் கொன்றது மெத்தனால், தொழிற்சாலைகளுக்குரிய ரசாயனம். அது மலையில் விளைவதன்று. எனினும் பழி மலைமேல் ஏறியது. அதற்கடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் மலைவாழ் மக்களின் நிலை குறித்துத் தானாகவே முன்வந்து வழக்கெடுத்தது. அங்கே பள்ளியும் சாலையும் மருத்துவ வசதியும் எப்படி உள்ளன என்று அப்போதுதான் பலரும் முதன்முறையாகக் கேட்கத் தொடங்கினார்கள்.

அருவிக்குப் போவதற்கு வழிகாட்டி தேவையில்லை. ஓட்டுநருக்கே வழி தெரியும். மலையைப் பார்ப்பதற்குத்தான் ஒருவர் தேவைப்பட்டார். ‘வழிகாட்டி’ என்று பலகை மாட்டிக்கொண்டு எவரும் அங்கே காத்திருக்கவில்லை. அடிவாரத்தில் மலைப் பொருள் வாங்கி விற்கும் நம்மவர் ஒருவர், தமக்குப் பழக்கமான மலைவாசி ஒருவருக்கு முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். ஐம்பதைக் கடந்தவர், பள்ளிப்படிப்பு அதிகமில்லை, சொல்லில் நிதானம் உண்டு. வேனில் ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “அருவியா, ஊரா?” என்பது. ஊர் என்றோம். “அப்படியானால் நடக்க வேண்டும்” என்றார்.

மதில் இல்லை, கோபுரம் இல்லை, சதுக்கம் இல்லை. சரிவில் சிதறிக் கிடக்கும் வீடுகள். வீட்டையொட்டிப் புளியமரம். சாமை, தினை, கேழ்வரகு விளையும் துண்டு நிலங்கள். புதிய பயிராக மரவள்ளி. அதன் கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளுக்குச் சென்று நம் வீட்டுப் பாயசத்துக்கு ஜவ்வரிசியாக வந்து சேர்கிறது. ஓரிடத்தில் காய்ந்த கடுக்காயைக் குவித்து வைத்திருந்தார்கள். அதை அள்ளிக்காட்டி, “இது உங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்” என்றார் அவர். எங்களுள் சிலருக்குப் புரியவில்லை. ஆம்பூரில் பெண் கொடுத்திருக்கும் பெரியவர் ஒருவர்தாம் விளக்கினார். தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர் தோல் மண்டிகளுக்கு மலைக் கடுக்காய் மூட்டை மூட்டையாகச் சென்ற காலம் ஒன்று இருந்தது. அவர்கள் பொறுக்கியதை நம்மவர் வாங்கினர் என்பதைச் சொல்ல ஒரு கடுக்காய் போதுமானதாயிருந்தது.

இம்மக்களை மலையாளிகள் என்பர். கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளலாகாது. இவர்கள் பேசுவது தமிழ், பட்டியல் பழங்குடியினர், பெயருக்குப் பின் கவுண்டர் என்னும் பட்டம் வழங்குகிறது. ஜடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்தார்கள் இப்பகுதி மலையைப் பங்கிட்டு ஆண்டார்கள். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்பது அவர்கள் மரபு. வெள்ளையர் வந்தனர், சென்றனர். 1947இல் விடுதலை கிடைத்தது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் வந்தது. இந்த மலையில் ஜாகீர் முறை முடிவுக்கு வந்து அரசு நிர்வாகம் முழுமையாக நிலைபெற்றதோ 1976ஆம் ஆண்டில்!

ஆண்டை மறுபடி பாருங்கள். கீழே நம் தெருவில் வானொலியும் திரைப்படமும் தேர்தலும் இருந்த காலம் அது. நாற்பது கிலோமீட்டருக்குள், மேலே இடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. இத்தாலியில் இடைக்காலத்தின் கட்டடங்கள் நிற்கின்றன. அதன் ஆட்சிமுறை மறைந்து எத்தனையோ தலைமுறைகள் கடந்துவிட்டன. இங்கே கட்டடம் ஏதுமில்லை. ஆட்சிமுறை மட்டும், இன்று உயிரோடிருப்பவர்கள் கண்ணால் காணும்படி இருந்தது. எங்கள் வழிகாட்டி அப்போது சிறுவர். தம் தந்தையார் ஜாகீர்தாருடைய நிலத்தில் கூலியின்றி வேலை செய்த நாட்களை அவர் எண்ணிச் சொன்னார். குரலை உயர்த்தவுமில்லை, எங்களிடம் இரக்கம் கேட்கவுமில்லை. “இந்த மேட்டில்தான் வந்து நிற்கச் சொல்வார்கள்” என்று ஒரு மேட்டைக் காட்டினார். அதில் புல்லைத் தவிர வேறெதுவும் இல்லை. அவர் உடன் வராதிருந்தால் அந்த மேட்டில் அமர்ந்து நாங்கள் கடலை தின்றிருப்போம்.

இனி எழுதப்போவதுதான் இம்மாதம் நான் பேனா எடுத்ததற்கு உண்மையான காரணம்.

“உங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள்?” என்று எங்கள் இளைஞர் ஒருவர் கேட்டார். “காஞ்சிபுரத்திலிருந்து. அண்ணன் தம்பி மூன்று பேர் புறப்பட்டு ஆளுக்கொரு மலையாகப் போனார்கள்” என்றார் வழிகாட்டி. “ஏன் புறப்பட்டார்கள்?” என்றார் இளைஞர். அவர் பதில் சொல்லாமல் நடந்தார். மீண்டும் கேட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்து, “சொல்லலாமா ஐயா? வருத்தப்படக் கூடாது” என்றார்.

நான் அறிவேன் அந்த விடையை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட குலங்கள் பற்றிய நூலிலும் அது இருக்கிறது. காஞ்சியில் முஸ்லிம்களின் ஆட்சி ஓங்கியபோது அங்கிருந்து மலைக்குக் குடிபெயர்ந்ததாக இம்மக்களிடையே ஒரு வழக்கு உண்டு. “தாராளமாகச் சொல்லுங்கள், கேட்கத்தான் வந்தோம்” என்றேன். அவர் சொன்னார். இதற்குமுன் வந்த பாய்மார் எவரிடமும் இதைச் சொன்னதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

வேனில் சிறிது நேரம் மௌனம். பிறகு அந்த இளைஞர், “இது வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை” என்றார். அவரது ரோஷம் எனக்குப் புரிகிறது, வயதும் அப்படிப்பட்டது. ஆனால் வழிகாட்டிக்கு இதைச் சொன்னவர் அவருடைய பாட்டி. அந்த அம்மையார் தர்ஸ்டனைப் படித்தவரல்லர்.

அந்த வழக்கை ஆராய்ந்து பார்ப்பது வேறு, மறுப்பது வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதியோர் ‘பத்துத் தலைமுறைக்கு முன்’ என்று குறித்தார்கள். அவ்வாறாயின் ஏறத்தாழப் பதினேழாம் நூற்றாண்டு ஆகிறது. பீஜப்பூர், கோல்கொண்டா சுல்தான்களின் படைகள் இந்நாட்டுக்குள் புகுந்த காலம் அதுவே. ஆனால் கிருஷ்ணதேவராயர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. அவர் கொடுத்த மலை என்றால், நூறாண்டுகளுக்கு முன்னரே இவர்கள் இங்கிருந்திருக்க வேண்டும். இரு வழக்குகளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. எது முந்தியது என்பதை ஒரு பகலில் தீர்க்க முடியாது. ஆனால் படை வரும் திசையிலிருந்து உழவன் தன் மாட்டையும் மக்களையும் ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடினான் என்பதை மட்டும் நம்ப மறுப்பதற்கு எனக்குக் காரணம் ஏதும் தெரியவில்லை. லூச்செராவில் நம்மவருக்கு நேர்ந்ததை வழிகாட்டி மறைக்கலாகாது என்று எதிர்பார்க்கும் நாம், இங்கே வழிகாட்டி நமக்காக ஒன்றை மறைத்தால் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவரோ அதோடு நிறுத்தவில்லை. தம் முன்னோர் மலைக்கு வந்தபோது மலை வெறுமையாக இருக்கவில்லை என்றார். வேடர்கள் இருந்தார்களாம். ஆண்களைக் கொன்று பெண்களை மணந்துகொண்டார்கள் என்பது அவர்களே சொல்லிக்கொள்ளும் கதை. 1906இல் தென்னார்க்காடு மாவட்ட கெஜட்டியரை எழுதிய டபிள்யூ. பிரான்சிஸ், இம்மலையின் திருமணங்களில் வானை நோக்கித் துப்பாக்கி சுடும் வழக்கத்தைக் குறிப்பிட்டு, கொல்லப்பட்ட வேடக் கணவனின் சாவை அது குறிப்பதாக எழுதியுள்ளார். நம்மவரால் தம்மவர் ஓடினார்கள் என்பதையும், தம்மவரால் பிறர் மாண்டார்கள் என்பதையும் அந்த மனிதர் ஒரே குரலில் சொன்னார். எந்தத் தேர்வு எழுதி உரிமம் பெற்றாலும் இந்த நேர்மையை எவரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. அதன் பிறகு அந்த இளைஞர் அவரை விட்டு நகரவில்லை. இறங்கும் வரை அவருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் விடை கிடைத்தது.

பயண விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டல்களை நம்பிச் செல்லாதீர்கள். கட்டுச்சோறு கொண்டு செல்லுங்கள். தண்ணீரைக் குடங்களில் எடுத்துச் சென்றால் பிளாஸ்டிக் பாட்டில்களை மலையில் வீசும் பாவம் நேராது. லுஹரை நாங்கள் ஒரு மரநிழலில் ஜமாஅத்தாகத் தொழுதோம். கள்ளக்குறிச்சியிலிருந்து செல்வோருக்குக் கஸ்ருக்குரிய தூரம் வாராது. நான்கு ரக்அத்தும் தொழ வேண்டும். சென்னையிலிருந்து வருவோருக்குச் சலுகை உண்டு. மழை நாட்களில் அருவிப் பாதைகள் மூடப்படுவதுண்டு. வனத்துறையினரிடம் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். வீட்டு வாசலில் நிற்கும் பெண்களைப் படம் எடுக்காதீர்கள். நம் வீட்டுப் பெண்களை அந்நியர் படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று. தேனோ சாமையோ புளியோ வாங்குவதானால் விளைவித்தவரிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

வழிகாட்டிக்கு எவ்வளவு கொடுப்பது என்பதில் எங்களுக்குள் சிறு விவாதம் நடந்தது. ஒரு நாள் கூலி போதும் என்றார் ஒருவர். வேன் வாடகையில் பாதியாவது கொடுக்க வேண்டும் என்றார் ஆம்பூர்ச் சம்பந்தம் உள்ள பெரியவர். அவர் சொன்னபடியே கொடுத்தோம். வழிகாட்டி எண்ணிப் பார்க்காமல் மடியில் கட்டிக்கொண்டார். சாமை கதிர் வாங்கும் நேரத்தில் மறுபடி வந்தால் வேறு பக்கத்து ஊர்களைக் காட்டுவதாகவும், அன்றைக்கு வேனைக் கீழேயே நிறுத்திவிட வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் பெரியவருக்கு முழங்கால் ஒத்துழைக்குமா என்பதுதான் இப்போது வீட்டில் நடக்கும் பேச்சு.